உராய்வு இல்லாத ஊசல்

கோயம்புத்தூரில் புவியீர்ப்பு முடுக்கமான ‘ஜி’யின் மதிப்பு 9.8 இல்லை; ஏறக்குறைய 9.78. பூமி நிலநடுக்கோட்டுப் பக்கம் கொஞ்சம் பருத்திருக்கிறது, தன்னைத்தானே சுற்றவும் செய்கிறது. அதனால் 11 டிகிரி வட அட்சரேகையில், கடல்மட்டத்துக்கு நானூறு மீட்டர் மேலே இருக்கும் கோவையில் ஈர்ப்பு, ஐரோப்பிய நகரங்களில் இருப்பதைவிடத் துளி குறைவு. ஆனால் பொள்ளாச்சி முதல் கோபி வரை பிளஸ் ஒன் ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டினால், தனி ஊசல் செய்முறையின் கடைசி வரியில் பெரும்பாலும் 9.8தான் இருக்கும்.

இந்த எண் எப்படி வருகிறது? ஒரு மீட்டர் நீள ஊசல் இருபது அலைவுகளை முடிக்க ஏறத்தாழ 40 வினாடி ஆகும். ஜி 9.80 ஆக இருந்தால் ஒரு நேரம், 9.78 ஆக இருந்தால் இன்னொரு நேரம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.04 வினாடி. ஸ்டாப் வாட்சை அழுத்தும் கட்டைவிரலின் தாமதமே 0.2 வினாடியை ஒட்டி இருக்கும். நூலின் நீளத்தை அளப்பதில் 2 மில்லிமீட்டர் பிசகினாலும் 9.78க்கும் 9.80க்கும் இடையிலுள்ள அளவு பிழை விடையில் ஏறிவிடும். ஆகவே ஒழுங்காக அளக்கிற மாணவருக்கு 9.6 வரலாம், 9.95 வரலாம். அப்படி வருவதில் தவறே இல்லை. நோட்டில் மட்டும் ஏன் வருவதில்லை என்பது செய்முறைத் தேர்வு எழுதியவர்களுக்குத் தெரியும். விடையை முதலில் வைத்துக்கொண்டு, சூத்திரத்தைத் திருப்பிப் போட்டு, அலைவு நேரத்தைக் கண்டுபிடித்து, அதை அளவீடு என்று அட்டவணையில் நிரப்பிவிடுவார்கள்.

கணினி வருவதற்கு முன்பே நம் ஆய்வகங்களுக்குள் சிமுலேஷன் வந்துவிட்டது என்றுதான் இதற்குப் பொருள். ஒரு சூத்திரத்தைக் கொடுத்தால் அதற்கேற்ற தரவைத் திருப்பித் தருவதே சிமுலேஷன். அந்த வேலையை மாணவரே பார்த்துக்கொண்டிருந்தார். மெய்நிகர் ஆய்வகம் நல்லதா கெட்டதா என்ற பேச்சு வரும்போதெல்லாம் அதை ஓர் இலட்சிய ஆய்வகத்தோடு ஒப்பிட்டுக் குறை சொல்கிறோம். ஒப்பிட வேண்டியது இந்த ரெக்கார்டு நோட்டோடு.

பெட்டிக்குள் இருப்பது

கோவையிலிருந்து பாலக்காட்டுக் கணவாயை நோக்கிப் போகும் வழியில் இருக்கிறது எட்டிமடை. அமிர்த விஸ்வ வித்யாபீடம் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் அது. 2009இல் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் தகவல் தொழில்நுட்பம் வழியாகக் கல்வியைக் கொண்டுசெல்லும் தேசிய இயக்கத்தைத் தொடங்கியது. அதன்கீழ் டெல்லி ஐஐடி ஒருங்கிணைக்க, ‘விர்ச்சுவல் லேப்ஸ்’ என்ற மெய்நிகர் ஆய்வகங்களை உருவாக்கிய 12 நிறுவனங்களில் சென்னை ஐஐடியும் அமிர்தாவும் உண்டு. பிறகு அமிர்தா, மும்பையின் சி-டாக் நிறுவனத்துடன் சேர்ந்து 9 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான பள்ளிப் பிள்ளைகளுக்காக ‘ஓலேப்ஸ்’ என்ற இணைய ஆய்வகத்தை உருவாக்கியது. இந்த மென்பொருள் வேலையில் பெரும்பங்கு அமிர்தாவின் கேரள வளாகமான அமிர்தபுரியில் நடந்தது.

தமிழக அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த உலகம் வேறொரு வழியாகவும் திறந்தது. 2018இல் வரத்தொடங்கிய புதிய பாடநூல்களில் பல பாடங்களின் முடிவில் ‘இணையச் செயல்பாடு’ என்றொரு பக்கம் இருக்கிறது. அதிலுள்ள க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் கணக்குப் பாடத்துக்கு ‘ஜியோஜீப்ரா’, இயற்பியலுக்கு ‘ஃபெட்’ என்று ஏதாவதொரு சிமுலேஷன் விரியும். ஃபெட், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் கார்ல் வீமன். அதற்கு முந்தைய ஆண்டுதான் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். இவற்றை ஓட்டிப் பார்க்க, மாநிலத்தின் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ‘ஹைடெக் லேப்’ அமைக்கப்பட்டது.

ஆக, கருவிக்குப் பெரிய பஞ்சமில்லை. கருவிக்குள் என்ன இருக்கிறது என்பதைத்தான் வகுப்பில் யாரும் திறந்து காட்டுவதில்லை.

திரையில் ஆடும் ஊசலை இரண்டு விதமாகச் செய்யலாம். முதலாவது, பாடநூல் சூத்திரத்தை அப்படியே பொதிந்துவைப்பது. நீளம் ஒரு மீட்டர் என்றால் அலைவு நேரம் 2.007 வினாடி, குண்டை எந்தக் கோணத்திலிருந்து விட்டாலும் அதே 2.007. இரண்டாவது, நியூட்டனின் விதியை மட்டும் கொடுத்துவிட்டு, நேரத்தைச் சிறுசிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் குண்டின் வேகம் எவ்வளவு மாறியது, எவ்வளவு நகர்ந்தது என்று கூட்டிக்கொண்டே போவது. இதில் அலைவு நேரத்தை யாரும் உள்ளே வைக்கவில்லை. கூட்டலின் முடிவில் அது தானாக வெளிவருகிறது.

சிறிய கோணங்களில் இரண்டும் ஒன்றாகவே ஆடும். 60 டிகிரியிலிருந்து விட்டுப் பார்த்தால் பிரிந்துவிடும். உண்மையான ஊசல் அங்கே 7 விழுக்காடு அதிக நேரம் எடுக்கும். 90 டிகிரியில் 18 விழுக்காடு. பாடநூல் சூத்திரம் சிறு கோணங்களுக்கு மட்டுமே உரியது. அதைப் பொதிந்த சிமுலேஷனுக்கு இது தெரியாது. இதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கனமான குண்டு, நல்ல நூல், கைபேசியின் ஸ்டாப் வாட்ச் போதும். 60 டிகிரியில் விட்டுப் பத்து அலைவுகளை எண்ணினால், சூத்திரம் சொல்வதைவிட ஒரு வினாடிக்கும் மேல் தாமதமாகும். வீச்சு படிப்படியாகக் குறைவதால் முழு 7 விழுக்காடு கிடைக்காது. ஆனாலும் கட்டைவிரலின் தாமதத்தால் மறைக்க முடியாத அளவு வித்தியாசம் அது.

ஒவ்வொரு சிமுலேஷனும் எதையோ விட்டுவிட்டுத்தான் உருவாகிறது: காற்றின் தடை, நூலின் எடை, கொக்கியின் உராய்வு, பெரிய கோணம். விட்டுவிட்டதே அதன் பலவீனமும் பலமும். சிமுலேஷனைக் கொண்டு கற்பிப்பது என்றால், விட்டுவிட்ட இடம் வரைக்கும் பிள்ளையை நடத்திக் கூட்டிப்போவதுதான். கல்வி ஆய்வுகள் அரை நூற்றாண்டாகச் சேர்த்துவைத்திருக்கும் சான்றுகளை இந்தக் கோணத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிபவைகூடப் பொருந்திவரும்.

பல்பும் தராசும்

விட்டுவிடுவது எப்படிப் பலமாகும் என்பதற்கு, நோவா ஃபிங்கெல்ஸ்டைனும் அவர் குழுவினரும் 2005இல் வெளியிட்ட கொலராடோ ஆய்வு நல்ல சான்று. அடிப்படை இயற்பியல் படிக்கும் கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினர் நிஜமான பேட்டரி, பல்பு, ஒயர்களோடு மின்சுற்று ஆய்வைச் செய்தார்கள். இன்னொரு பகுதியினர் ஃபெட்டின் மின்சுற்றுப் பெட்டியைக் கொண்டு திரையிலேயே செய்தார்கள். பிறகு இரு தரப்பினரிடமும் நிஜ ஒயர்களைக் கொடுத்து ஒரு சுற்றை அமைத்து விளக்கச் சொன்னார்கள். திரையில் படித்தவர்களே விரைவாக அமைத்தார்கள், தெளிவாக விளக்கினார்கள். இறுதித் தேர்வின் மின்சுற்றுக் கேள்விகளிலும் அவர்களே முந்தினார்கள்.

நிஜ மேசையில் ஒயரின் நிறம், பிடிக்காத கிளிப், எரியாத பல்பு என்று கவனத்தைச் சிதறடிக்க எவ்வளவோ உண்டு. சிமுலேஷன் அவற்றையெல்லாம் விட்டுவிடுகிறது. கூடவே, கண்ணுக்குத் தெரியாத எலக்ட்ரான்களை உருண்டைகளாக்கி ஓடவிடுகிறது. மின்னோட்டம் பல்புக்குள் போய்ப் பாதி தீர்ந்துவிடும் என்பது பிள்ளைகள் உலகெங்கும் விடாப்பிடியாக நம்பும் கருத்து. பல்புக்கு முன்னும் பின்னும் உருண்டைகள் ஒரே வேகத்தில் நகர்வதைப் பார்த்ததும் அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது.

எதை விடக்கூடாது என்பதற்குச் சைப்ரஸிலிருந்து ஒரு சான்று. ஸக்கரியாஸ் ஸக்கரியாவின் குழு மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் தராசைக் கொடுத்தது. சிலருக்கு நிஜத் தராசு, சிலருக்குத் திரைத் தராசு. தராசு என்ன செய்யும் என்று ஏற்கனவே சரியாகத் தெரிந்திருந்த பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றுதான். தப்பாக நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கோ நிஜத் தராசே உதவியது. ஒரு பொருள் கையை அழுத்தும் உணர்வு திரையில் இல்லை. முன்னே கையில் வாங்கிப் பழகியவருக்கு அது நினைவிலிருந்து வந்துவிடும், பழகாதவருக்கு வராது. திருப்பூர்ச் சந்தையிலும் மேட்டுப்பாளையம் மண்டியிலும் மின்னணுத் தராசு வந்துவிட்ட காலத்தில் வளரும் பிள்ளைக்கு, இரண்டு தட்டும் முள்ளும் உள்ள தராசே புதுப்பொருள். அதைத் திரையில் காட்டுமுன் கையில் கொடுப்பது நல்லது.

மூன்றாவது சான்று ஆசிரியரைப் பற்றியது. நெதர்லாந்தின் டன் டி ஜாங்கும் வூட்டர் வான் யூலிங்கனும் 1998இல் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சிமுலேஷனைக் கொடுத்து ‘நீயே கண்டுபிடி’ என்று விட்டால் மாணவர்கள் நான்கு இடங்களில் தடுக்கிவிழுகிறார்கள்: சோதிக்கத்தக்க ஊகத்தை உருவாக்குவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதிப்பது, வந்த முடிவைப் படிப்பது, அடுத்து என்ன செய்வது என்று திட்டமிடுவது. ஹைடெக் லேபில் நாற்பது பேரை உட்காரவைத்துச் சுட்டியைக் கையில் கொடுத்தால், எல்லா ஸ்லைடரையும் ஒரேயடியாக இழுத்துப் பார்ப்பதில் பாடவேளை தீர்ந்துவிடுவது இதனால்தான்.

ஆஸ்திரேலியாவின் ரிச்சர்ட் ஒயிட்டும் ரிச்சர்ட் கன்ஸ்டனும் பரப்பிய ஓர் எளிய முறை இதற்கு மருந்தாகிறது: முதலில் என்ன நடக்கும் என்று எழுது, பிறகு பார், பிறகு ஏன் என்று விளக்கு. குண்டின் எடையை இரட்டிப்பாக்கினால் ஊசல் வேகமாக ஆடுமா, மெதுவாக ஆடுமா? பதிலைத் தாளில் எழுதி, பக்கத்துப் பிள்ளையோடு ஒருமுறை வாதாடிவிட்டுச் சுட்டியைத் தொட்டால், திரையில் மாறாமல் ஆடும் ஊசல் ஒரு செய்தியாகிறது. எழுதாமல் பார்த்தால் அது ஆடும் படம் மட்டுமே.

முப்பத்தாறு நிமிட வகுப்பு

சிமுலேஷனால் கற்பவர் பிள்ளை மட்டுமல்ல. பி.எட். படித்த எவரும் கணினியே இல்லாத ஒரு சிமுலேஷனைத் தாண்டித்தான் வந்திருப்பார். 1930இல் தி.சு. அவினாசிலிங்கம் நிறுவிய, பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கும் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தின் கல்வியியல் கல்லூரியிலிருந்து ஈரோடு, நாமக்கல் பக்கத்துத் தனியார் கல்லூரிகள் வரை எல்லா இடத்திலும் அது உண்டு. பெயர் நுண்ணிலைக் கற்பித்தல். 1963 வாக்கில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் டுவைட் ஆலனும் மற்றவர்களும் உருவாக்கியது. இந்தியாவில் அதற்கு என்சிஇஆர்டி கொடுத்த வடிவம் 36 நிமிடச் சுற்று: ஆறு நிமிடம் கற்பித்தல், ஆறு நிமிடம் பின்னூட்டம், பன்னிரண்டு நிமிடம் மறுதிட்டம், ஆறு நிமிடம் மறுபடி கற்பித்தல், ஆறு நிமிடம் மறுபடி பின்னூட்டம். பள்ளிப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அழைத்துவருவது சிரமம் என்பதால், கூடப் படிப்பவர்களே பிள்ளைகளாக நடிப்பார்கள்.

இந்தச் சுற்றில் கற்பிக்கும் நேரம் மூன்றில் ஒரு பங்குதான். மீதியெல்லாம் நடந்ததைப் பேசுவதும் திருத்துவதும். அது நன்றாகவே வகுத்த வடிவம். பிசகு, பிள்ளையாக நடிப்பவரிடம் இருக்கிறது. 23 வயதுத் தோழி ஆறாம் வகுப்புப் பிள்ளையாக உட்கார்ந்து “புரியலீங்க மிஸ்” என்பார். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் பிழையை அவரால் செய்ய முடியாது. ஏனென்றால் பிள்ளைகளின் பிழை கண்டபடி வருவதில்லை. அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு.

ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. கழித்தல் கணக்கில் பிள்ளைகள் செய்யும் பிழைகளை விதிகளாக எழுதி, அந்த விதிப்படியே தப்பாகக் கணக்குப் போடும் ஒரு ‘பிள்ளை’யைக் கணினியில் உருவாக்கினார்கள். நிகரகுவா நாட்டின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளின் விடைத்தாள்களைக் கொண்டு அந்த விதிகளைச் சோதித்தார்கள். ‘பக்கி’ என்ற பெயரில் அது ஆசிரியப் பயிற்சி மாணவர்களுக்கு விளையாட்டானது: கணினிப் பிள்ளை தப்பான விடைகளைத் தரும், அதன் தலைக்குள் ஓடும் விதி என்ன என்று ஆசிரியர் கண்டுபிடிக்க வேண்டும்.

நம் வகுப்புக் கணக்கு ஒன்றை வைத்தே இதைப் பார்க்கலாம். 52லிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் இரண்டு பிள்ளைகள் 35 என்று எழுதுகிறார்கள். சரியான விடை 25. ஒரே தப்பு என்று நினைத்து இருவருக்கும் ஒரே பாடத்தைத் திரும்ப நடத்துவோம். முதல் பிள்ளை, ‘பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழி’ என்ற விதியைப் பிடித்துக்கொண்டு 7லிருந்து 2 போக 5, 5லிருந்து 2 போக 3 என்று எழுதியது. இரண்டாவது பிள்ளை ஒழுங்காகக் கடன் வாங்கியது; 12லிருந்து 7 போக 5. ஆனால் கடன் கொடுத்த பத்துகள் இடத்தைக் குறைக்க மறந்தது. தற்செயலாக இரண்டு வழியும் ஒரே எண்ணில் போய் முடிந்தன. 52க்குப் பதில் 53 என்று கேட்டிருந்தால் முதல் பிள்ளை 34 என்றும் இரண்டாவது 36 என்றும் சொல்லியிருக்கும். எந்தக் கணக்கைக் கேட்டால் எந்தப் பிழை வெளியே வரும் என்று தெரிந்துகொள்ள, பிழையைச் சரியாகச் செய்யத் தெரிந்த ஒரு போலிப் பிள்ளை தேவைப்படுகிறது.

கர்ட் வான்லேனும் சகாக்களும் 1994இல் இத்தகைய கணினி மாணவர்களுக்கு மூன்று பயன்களைச் சொன்னார்கள். ஆசிரியர் அவர்களிடம் பழகிப் பார்க்கலாம். நிஜ மாணவர் அவர்களோடு சேர்ந்து கற்கலாம். பாடத்தை வடிவமைப்பவர் அதை நிஜ வகுப்புக்குக் கொண்டுபோகுமுன் அவர்களிடம் ஓட்டிப் பார்க்கலாம். மூன்றாவது கல்வி ஆய்வாளருக்குப் பெரிய வசதி. மோசமான பாடத்தால் கணினி மாணவர் எவருக்கும் ஓர் ஆண்டு வீணாகாது.

அங்கேயும் விட்டுவிட்டது ஏராளம். பசி, கூச்சம், பக்கத்துப் பையனின் சிரிப்பு, வீட்டில் ஒரு மொழியும் புத்தகத்தில் இன்னொரு மொழியும், காலையில் பூப்பறித்துவிட்டு வந்த களைப்பு எதுவும் கணினிப் பிள்ளைக்கு இல்லை. அதனிடம் ஒரு பாடம் தோற்றால் பாடத்தில் ஓட்டை இருக்கிறது என்று நம்பலாம். வென்றால், எந்தக் கொள்கையை வைத்து அந்தப் பிள்ளையைச் செய்தோமோ அதற்குப் பாடம் பொருந்துகிறது என்று மட்டுமே சொல்லலாம். இன்று ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் ‘நீ ஆறாம் வகுப்புப் பிள்ளை’ என்றால் அதுவும் நடிக்கும், தடுமாறும், தப்புச் செய்யும். அந்தத் தப்பு அன்னூர்ப் பள்ளியின் ஆறாம் வகுப்பில் உண்மையில் வருகிற தப்புதானா என்பதை அன்னூரின் விடைத்தாள்களைத் திருத்தித்தான் சொல்ல முடியும்.

கிணற்றைக் கணக்கில் எழுதுவது

சிமுலேஷனுக்கு அடியிலுள்ள மாதிரியின் எல்லையைப் பிள்ளைக்குக் காட்டச் சிறந்த வழி, அவரையே ஒரு மாதிரியைச் செய்யவைப்பது. தமிழ்நாட்டுப் பிளஸ் டூ கணினி அறிவியலில் பைத்தான் மொழி இருக்கிறது. சில பத்து வரிகளில் ஒரு சிமுலேஷன் எழுதிவிடலாம். கொங்கு நாட்டில் எதை எழுதுவது என்று யோசிக்கவே வேண்டாம். 1930களில் பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் வந்தது முதல் இந்த ஊரின் கதை மோட்டாரும் பம்பும்தான்.

தோட்டத்துக் கிணறு ஒன்று. மேட்டில் ஒரு மையவிலக்கு பம்பு. பிள்ளை எழுதும் முதல் மாதிரி எளிமையானது: மோட்டாரின் திறன், தூக்க வேண்டிய உயரம், நிமிடத்துக்கு வரும் தண்ணீர். நீர்மட்டம் 30 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று கொடுத்தாலும் அந்த மாதிரி சலிக்காமல் தண்ணீரை உறிஞ்சும், அளவு மட்டும் குறையும். நிஜத்தில் ஒரு சொட்டு வராது. பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. குழாய்க்குள் அழுத்தம் குறைய, வெளியிலுள்ள காற்று தண்ணீரை மேலே தள்ளுகிறது. காற்றால் தள்ள முடிந்த உயரம் கடல்மட்டத்தில் 10.3 மீட்டர், கோவையில் பத்துக்கும் சற்றுக் குறைவு, நடைமுறையில் ஆறேழு மீட்டர். மாடு பூட்டிக் கவலை ஓட்டி இறைத்த காலத்துக்குப் பின் மோட்டார் வைத்தவர்கள், நீர்மட்டம் இறங்க இறங்கக் கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி மோட்டாரையும் இறக்கிக்கொண்டே போனதற்கும், பிறகு தண்ணீருக்கு அடியிலேயே கிடந்து மேலே தள்ளும் சப்மெர்சிபிள் வந்ததற்கும் காரணம் இந்தப் பத்து மீட்டர். தாத்தாவிடம் கேட்டால் “அத்தனை ஆழத்துல இருந்து எப்படீங் கண்ணு உறியும்?” என்று ஒரே வரியில் மாதிரியை உடைத்துவிடுவார். அந்த வரியை நிரலில் சேர்ப்பதுதான் பாடம்.

சேர்த்தபின் அடுத்த ஓட்டை தெரியும். மாதிரியில் கிணறு தனியாக இருக்கிறது. ஊரில் அப்படி இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஆயிரம் அடிக்கு போர் போட்டால் இவர் கிணற்றின் மட்டமும் இறங்கும். இந்த ஓட்டையை அடைக்கும் ஒரு சிமுலேஷன் இந்தியாவில் உண்டு, அதுவும் கணினியே இல்லாமல். ரூத் மைன்சன்-டிக்கும் சகாக்களும் ஆந்திரக் கிராமங்களில் நடத்திய நிலத்தடி நீர் ஆட்டத்தில், விவசாயிகள் சிறு குழுவாக உட்கார்ந்து ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீர் அதிகம் கேட்கும் பயிரா, குறைவாகக் கேட்கும் பயிரா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அதிகம் கேட்கும் பயிருக்கு லாபம் அதிகம். எல்லோருக்கும் பொதுவான நீர் தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. முதலில் பேசாமல் ஆடுவார்கள், பிறகு பேசி ஆடுவார்கள், கடைசியில் ஊரே கூடி நடந்ததை அலசும். ஆடிய கிராமங்கள், ஆட்டத்தை நடத்திய திட்டத்திலேயே இருந்தும் ஆடாத கிராமங்களைவிட, நீர்ப் பதிவேடு வைப்பதிலும் நிலத்தடி நீருக்கு விதி வகுப்பதிலும் முன்னே நின்றதை 2018இல் வெளியான அவர்களின் ஆய்வு காட்டியது.

அந்த ஆட்டத்தில் கந்துவட்டி இல்லை, மகள் கல்யாணம் இல்லை. மிகமிக எளிமையான மாதிரி. ஆனால் ஆட்டம் முடிந்ததும் ‘இதில் என்ன விட்டுப்போச்சு, நம்மூரில் எப்படி நடக்கும்’ என்று பேச ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. கொங்கு நாட்டுப் பள்ளிகளில் திரைகள் வந்தாயிற்று, பாடநூலில் குறியீடுகள் வந்தாயிற்று. நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளையில் சுட்டிக்கு இருபது நிமிடம் போக மீதி இருபத்தைந்து நிமிடம் இந்தப் பேச்சுக்கு என்று கால அட்டவணையில் யாராவது எழுதினால் போதும். அதற்குச் செலவும் இல்லை.